மோதிர விரலும் மெழுகுக் கட்டியும்

நாத்தனாரின் பெயர் ஒட்டிய மெழுகுக் கட்டியைக் கையில் பிடித்தபடி அண்ணி லேபில் நின்றுகொண்டிருந்தாள். போன வாரம் அவளை அங்கேயே நிற்கவைத்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன். இதற்காக என்மேல் கோபப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். கவலை வேண்டாம், நம் அண்ணி ஒரு வாரம் நின்றாலும் அசருகிற ஆள் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. அண்ணி தோல் பயாப்ஸி பார்க்கிற டாக்டர். யாரோ ஒரு டாக்டர் வெட்டி அனுப்புகிற தோல் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது சாதாரணக் கட்டியா, ஒவ்வாமையா, கிருமியா, புற்றா என்று சொல்வது அவள் வேலை. பச்சை குத்திய இடம் வீங்கிப்போய் புற்று என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு, "சிவப்பு மை ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று எழுதி அனுப்பியவள் அவள். படை என்று வருஷக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்த ஒருத்திக்கு, இது தோலில் வந்திருக்கிற அபூர்வமான ரத்தப் புற்று என்று கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றியவளும் அவள்தான். மற்ற டாக்டர்கள் தலையைச் சொறிந்துகொள்கிற கேஸ் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும்.

நாத்தனார் சலூன் வைத்திருக்கிறாள். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு விசேஷத்தில், அத்தனை பேர் நடுவில், பரிமாற வந்த அண்ணியைப் பார்த்து, "பொணம் அறுக்கிற கையால எனக்கு எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள் நாத்தனார். அண்ணி பிணம் அறுக்கிறவள் இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயே திறக்காமல் கரண்டியை வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து முடி வெட்டிக்கொள்வதையும் நிறுத்திவிட்டாள். வளர்ந்ததை அப்படியே சுருட்டிக் கொண்டை போட்டு ஊசி செருகிக்கொள்கிறாள். அதுவரை அவளுக்கு முடி வெட்டிவிட்டவள் நாத்தனார்தான்; வேறு சலூன் பக்கம் அவள் போகவே இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் அண்ணன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வந்து அலுத்து வீடு திரும்பினால், இங்கேயும் அதே பிழைப்பு. "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்று இவள் அனுப்ப, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுண்ணா" என்று அவள் திருப்பி அனுப்ப, மனிதர் இத்தனை வருஷமும் முகம் சுளிக்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனாரின் வலது கையில், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே, உள்ளங்கைப் பக்கமாக ஒரு பரு வந்தது. மரு என்று நினைத்து மருந்து வைத்தாள். அது கெட்டிப்பட்டு, பிளந்து, நீர் வடிந்து, மறுபடி வளர்ந்தது. ஒரு கிளினிக்கில் துணுக்கு எடுத்தார்கள். ஏதோ ஒரு லேப் அதைப் புற்று என்றது. ஸ்கேனில் வீக்கம் எலும்பு வரை போயிருந்தது. மோதிர விரலை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, நாளைக் காலைக்கு இந்த ஆஸ்பத்திரியில் நேரம் குறித்துவிட்டார்கள். அண்ணனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

மோதிர விரல்தானே, போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்கள் சலூனில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள். அடுத்த தரம் கண்ணைத் திறந்து பாருங்கள். கத்தரியின் ஒரு வளையத்தில் கட்டைவிரல், மற்றொன்றில் மோதிர விரல். அசையாத அலகைப் பிடித்து நிற்பது அந்த மோதிர விரல்தான். அது போனால் நாத்தனாரின் கத்தரியும் போய்விடும். கத்தரி போனால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

வெளியே படித்த ஸ்லைடை நம்பி இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். துணுக்கையும் ஸ்லைடையும் வரவழைத்து இங்கே ஒரு தரம் பார்த்தாக வேண்டும். அப்படித்தான் துணுக்கைப் பதித்துவைத்த அந்த மெழுகுக் கட்டி அண்ணியின் கைக்கு வந்தது.

சொந்தக்காரர்களின் ஸ்லைடைத் தனியாகப் பார்த்து முடிவு சொல்வதில்லை என்பது அவர்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு. அண்ணி அதை மீறவில்லை. நேரே பக்கத்து அறைக்குப் போனாள்.

பக்கத்து அறையில் இருப்பவர் நிச்சயம் சார். எதைச் சொன்னாலும் முடிவில் "நிச்சயம்" போடுவதால் லேபே அவருக்கு வைத்த பெயர். கெட்டிக்காரர். பத்து தரம் நிச்சயம் சொன்னால் ஒன்பது தரம் நிச்சயம்தான். அவர் அறையில்தான் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் இருந்தது.

"சொந்தமா?" என்றார் பெயரைப் பார்த்து.

"வீட்டுக்காரரோட தங்கச்சி."

அவர் பார்த்தார். எதிர்ப்பக்கம் அண்ணியும் பார்த்தாள். நேரம் போயிற்று.

"மேல்தோல் தீவு தீவா உடைஞ்சு உள்ள இறங்கியிருக்கு. புற்று. நிச்சயம்."

"தீவு இருக்கு சார். ஆனா தீவுல குடியிருக்கிற செல்லுங்க ரொம்ப ஒழுங்கா இருக்காங்களே. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறல, பெருத்துப் போகல. கலவரம் நடந்த இடம் மாதிரியே தெரியல எனக்கு."

நிச்சயம் சார் கண்ணை எடுக்காமலே சொன்னார். "சொந்தக்காரங்க ஸ்லைடுல எல்லாருக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும்மா."

அண்ணிக்குச் சுருக்கென்றது. எவளோடு வருஷக்கணக்கில் பேச்சில்லையோ அவள்மேல் தனக்குப் பாசம் என்று ஒருத்தர் சொல்கிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இது புற்றாக இருக்கக்கூடாது என்று கட்டியில் பெயரைப் பார்த்ததிலிருந்து அவள் மனசு அடித்துக்கொண்டதென்னவோ உண்மை. அப்படி அடித்துக்கொண்ட மனசு கண்ணையும் கெடுத்துவிட்டதா?

அவள் ஸ்லைடை விட்டுவிட்டு மெழுகுக் கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே அரிசி அளவுக்குத் துணுக்கு தெரிந்தது.

"சார், இது படுத்துக்கிட்டு இருக்கு."

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் துணுக்கை மெழுகுக்குள் நிறுத்திவைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் மேலிருந்து கீழ் வரை வரிசையாகத் தெரியும். வெங்காயத்தை நெட்டாக வெட்டினால் இதழெல்லாம் அடியில் ஒன்றாக ஒட்டியிருப்பது தெரிகிறதல்லவா? குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தனியே விழும். வெங்காயம் அதேதான். அந்த லேபில் அவசரத்தில் யாரோ துணுக்கைச் சாய்த்து வைத்துவிட்டார்கள். மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற தோல்கூட அந்த வெட்டில் தனித்தனித் தீவாகத்தான் தெரியும்.

"சரி, சாய்ஞ்சிருக்கு. அதனால புற்று இல்லைன்னு ஆயிடுமா? உள்ள ஏதாவது உறுத்தினா மேல்தோல் இப்படி வேர் விட்டு இறங்கி புற்று மாதிரி வேஷம் போடும். ஒத்துக்கிறேன். ஆனா உறுத்துறது எது? காட்டுங்க. காசநோய்க் கிருமியா, பூஞ்சையா, என்ன அது?"

"தெரியல சார். மெழுகை உருக்கித் திருப்பி வச்சு இன்னும் ஆழமா வெட்டினாத்தான் தெரியும்."

"இவ்வளவு சின்னத் துணுக்கு. உருக்கித் திருப்பி வெட்டி, கடைசியில ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா? அப்புறம் அந்த முதல் ரிப்போர்ட்தான் நிக்கும்."

அண்ணி சர்ஜனுக்கு ஃபோன் போட்டாள். புதிதாக ஒரு துணுக்கு எடுக்கலாமா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர்.

"புதுசா எடுத்து, ரெடி பண்ணி, பார்த்து முடிக்கிறதுக்கு எவ்வளவு நாள்? இவங்க வந்ததே லேட்டு. பரவிடுச்சுன்னா விரலோட நிக்காது, கையையே கேக்கும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள புற்று இல்லைன்னு காட்டுங்க, நான் கத்தியைக் கீழ வச்சுடறேன். இல்லைன்னா நாளைக்கு எடுத்துடுவேன்."

ஆக, இருப்பது அந்த அரிசி ஒன்றுதான். அது நாத்தனாரின் அரிசி. அதைக் கரைத்துவிடலாமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அண்ணி கோட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் அண்ணன் கூப்பிட்டார். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு பேசினார். தங்கை அவருக்கு எப்போதும் பாப்பாதான்.

"பாப்பா ரெண்டு நாளா ஃபோன் எடுக்க மாட்டேங்குறா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? எங்க ரெண்டு பேருக்கும் பேச்சா வார்த்தையா?"

நோயாளி சொல்லாததை டாக்டர் சொல்லக்கூடாது. புருஷனிடமும் கூடாது. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

சலூன் கதவில் 'மூடியிருக்கிறது' பலகை தொங்கியது. அண்ணி தட்டாமல் திறந்தாள்.

நாத்தனார் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. ஒரு காலைத் தூக்கி மடியில் போட்டு, இடது கையில் சின்ன இடுக்கியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை நோண்டிக்கொண்டிருந்தாள். எதிரே மேஜையில் அவளுடைய கத்தரிகள் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் வரிசையாகக் கிடந்தன. யாருக்கோ கொடுத்துவிடத் தயாராக வைத்த மாதிரி இருந்தது.

கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தாள். திரும்பவில்லை.

"டாக்டரம்மாவா? வாங்க. பொணம் இன்னும் ரெடியாகலையே."

"உன் ஸ்லைடு என்கிட்டத்தான் வந்திருக்கு."

"தெரியும். ஊர்ல வேற ஆளே இல்லையாமே. போன இடமெல்லாம் உங்க பேரைத்தான் சொல்றாங்க. எனக்கு வேற கதியில்ல."

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துணுக்கு சாய்ந்திருப்பதைச் சொன்னாள். உருக்கித் திருப்பினால் என்ன ஆகும், தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று மறைக்காமல் சொன்னாள்.

"இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க? கட்டி உங்க கையில. உருக்குங்க, வெட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க."

"உன் தோலு. உன்னைக் கேக்காம எப்படி?"

நாத்தனார் இடுக்கியால் குதிகாலில் எதையோ பிடித்து மெல்ல இழுத்தாள்.

"புற்றுதான்னு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா விரலை எடுக்கச் சொல்லி நானே எழுதுவேன். உனக்காக மாத்தி எழுத மாட்டேன்."

"அது தெரியும். அதான் உங்ககிட்ட பயம்." குரல் உடைந்துவிட்டது. "இந்த விரல் இல்லாம நான் என்ன செய்வேன்? காலையில எந்திரிச்சு எங்க போவேன்? யார் தலையைப் பார்ப்பேன்?"

அண்ணி கை நீட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடுக்கியை. அதன் நுனியில் ஏதோ கறுப்பாகத் தொங்கியது.

"அது என்ன?"

"எது? இதுவா? முடி." நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வெட்டி விழுற முடி. குட்டையா வெட்டினா ஊசி மாதிரி இருக்கும். செருப்புக்குள்ள போயி குத்திக்கும். எங்களுக்கு எல்லாருக்கும் உள்ளதுதான். இதுக்குப் போய் டாக்டர்கிட்ட போக முடியுமா?"

"தோலுக்குள்ள போகுமா?"

"போகும்னா? ஒரு தரம் உள்ள போயிடுச்சுன்னா லேசுல வராது."

"கையில?"

"கையிலயும்தான். எப்பவாவது. ஏன்?"

அண்ணி எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டும்போது ஸ்டூல் கவிழ்ந்தது. அதை நிமிர்த்தக்கூட நிற்கவில்லை.

"உருக்கட்டுமா, வேணாமா? வாயைத் திறந்து சொல்லு."

"உருக்குங்க" என்றாள் நாத்தனார். ஒன்றும் புரியாமல்தான் சொன்னாள்.

லேபில் துணுக்குகளை மெழுகில் பதித்து வெட்டுகிறவளை எல்லோரும் மெழுகக்கா என்பார்கள். அண்ணிக்கும் அவளுக்கும் பேச்சு அதிகம் தேவைப்படாது. கட்டியைக் கையில் வாங்கியதுமே மெழுகக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"திருப்பி நிறுத்தணும். அவ்வளவுதானே டாக்டர்?"

"அவ்வளவுதான் அக்கா. ஆனா ஒரு சீவல்கூட வீணாகக்கூடாது. வெட்டுறது எல்லாத்தையும் ஸ்லைடுல ஏத்துங்க."

மெழுகு உருகியது. சூடாக்கிய இடுக்கியால் மெழுகக்கா துணுக்கைத் தொட்டு, நிமிர்த்தி, குளிர்ந்த தட்டில் வைத்தாள். இறுகியதும் வெட்டும் இயந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான சீவல்கள் நாடாவாக வந்தன. அவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடியில் ஏந்தினாள். இந்த வேலையைப் பார்க்கும்போது அண்ணி எப்போதும் மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சுக்காற்று பட்டாலே நாடா பறந்துவிடும்.

முதல் ஸ்லைடுகள் சாயம் ஏறி வந்தன. நிச்சயம் சார் தன் வேலையை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். பார்த்தார்.

"தீவெல்லாம் இப்போ மேல்தோலோட சேர்ந்திருக்கு. அது சரி. ஆனா அடியில என்ன இருக்கு? வெறும் வீக்கம். இது போதாதும்மா. இதை வச்சு சர்ஜன் கத்தியைக் கீழ வைக்க மாட்டார்."

"இன்னும் ஆழமா" என்றாள் அண்ணி.

அடுத்த நாடா வந்தது. அதிலும் வீக்கம்தான். அதற்கடுத்ததிலும் அதே கதை.

மெழுகக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "டாக்டர், இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. இதோட துணுக்கு முடிஞ்சுடும். வெட்டவா, விட்டுடவா? மிச்சம் வச்சா வேற ஏதாவது சாயத்துக்காவது ஆகும்."

அந்த ஒரு நிமிஷத்தில் அண்ணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ பேருடைய துணுக்கைக் கை நடுங்காமல் பார்த்தவள். இன்றைக்கு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாரின் கத்தரி வரிசை அவள் கண்முன்னால் வந்து நின்றது.

"வெட்டுங்க அக்கா."

சாயம் ஏறியது. கடைசி ஸ்லைடு ஈரம் காயாமலே மைக்ராஸ்கோப்புக்கு வந்தது. அண்ணி குனிந்தாள். அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

லேபில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஸ்லைடு பார்க்கிறவள். பேச்சு நின்றுவிட்டால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மெழுகக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், உள்ளங்கையில முடி முளைக்குமா?"

"என்ன கேள்வி இது? உள்ளங்கைத் தோலுக்கு முடியே கிடையாது."

"அப்போ இது என்ன?"

நிச்சயம் சார் குனிந்தார். வீக்கத்தின் அடியில் ஒரு சின்ன வட்டம். பழுப்பு விளிம்பு. வேரும் இல்லை, உறையும் இல்லை. அதைச் சுற்றிப் பெரிய பெரிய செல்கள் கும்பலாக மொய்த்து, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு வட்டம். அதற்கும் கீழே நீளவாக்கில் ஒன்று.

அண்ணி ஒளியை வடிகட்டுகிற கண்ணாடி இரண்டைப் பொருத்தித் திருகினாள். மற்றதெல்லாம் இருண்டுபோக, அந்த மூன்று மட்டும் இருட்டில் வெள்ளையாக மின்னின.

"முடி" என்றார் நிச்சயம் சார் மெல்ல.

"ஒண்ணு கறுப்பு. இதுல சாயம் போட்ட சிவப்பு இன்னும் இருக்கு. இந்த மூணாவதுல நிறமே இல்ல, நரைச்ச முடி. மூணு பேரோட தலை சார். அவ சலூன்ல மூணு பேர் தலையிலேருந்து வெட்டி விழுந்தது, அவ விரலிடுக்குல குத்தி உள்ள போயி உக்காந்துருக்கு. அதைத் தாங்க முடியாமத்தான் தோல் இவ்வளவு ஆட்டம் போட்டிருக்கு."

நிச்சயம் சார் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார். மேல்தோலின் ஒவ்வொரு வேரையும் அடி வரை பின்தொடர்ந்து போய், எங்கேயும் அத்துமீறல் இல்லை என்று தானே சரிபார்த்தார். பிறகு நிமிர்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில நான் சொன்னது தப்பு" என்றார். "நிச்சயமா தப்பு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனசார அந்த மனிதர் சிரித்ததை லேப் அன்றைக்குத்தான் பார்த்தது. "சாய்ஞ்சு கிடக்குன்னு யாரும் பார்த்திருப்பாங்கம்மா. உள்ள எது இருக்கும்னு தேடிப் போய் எடுத்தீங்களே, அதுக்குத்தான் உங்ககிட்ட அனுப்புறாங்க."

சர்ஜன் ஓடிவந்து பார்த்தார். சொன்ன சொல் மாறவில்லை. நாளைய அறுவையை ரத்து செய்தார். கிருமி எதுவும் கூடவே இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகு அந்த முடிப் பொந்தை மட்டும் சுத்தமாகத் தோண்டி எடுத்து, அதையும் ஒரு தரம் பரிசோதித்துவிடலாம் என்றார். விரலுக்கு ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் அண்ணி மறுபடி சலூனுக்குப் போனபோது உள்ளே அண்ணனும் இருந்தார். கடைசியில் தங்கையே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். மனிதர் மூலையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்து எழுந்தார்.

அண்ணி அவரைத் தாண்டிப்போய் நேரே நாத்தனார் முன்னால் நின்றாள்.

"புற்று இல்ல. முடி. மூணு முடி. விரல் உன்னோடதுதான், யாரும் தொட மாட்டாங்க."

நாத்தனார் அவளையே பார்த்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு குழந்தை மாதிரி அழுதாள். அண்ணி இந்தத் தரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யார் யாரோட முடி?"

"அதுல பேரு எழுதியில்ல. ஒரு நரை, ஒரு சிவப்புச் சாயம், ஒரு கறுப்பு."

"சிவப்பு யாருன்னு தெரியும்" என்றாள் நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அந்தம்மா வரட்டும், வச்சுக்கிறேன்." அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. எல்லார் முன்னாடியும். தூங்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சரி, விடு."

"விட மாட்டேன். இதுல உக்காருங்க."

"எதுக்கு?"

"அந்தக் கொண்டையைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழிலுக்கே அவமானமா இருக்கு. இந்தக் கையால வெட்ட முடியாது. சிக்கெடுத்து வகிடாவது எடுத்து விடுறேன். இடது கை சும்மாத்தானே இருக்கு."

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "அப்போ எனக்கு வேலை போச்சா?" என்றார். டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்.

ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள் நாத்தனார். இத்தனை வருஷக் கூந்தல் அவிழ்ந்து நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. சீப்பு மெல்ல இறங்கியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்து ஓய்ந்தது அப்போதுதான்.

நாத்தனார் பேசிக்கொண்டே சீவினாள். சிவப்புச் சாயக்காரம்மாவின் கதை, வாடகைக்காரன் கதை, எல்லாம் வந்தது. உச்சிக்குப் பின்னால், கொண்டை உட்கார்ந்திருந்த இடத்தில் வகிடு பிரித்தாள். பேச்சு நின்றது. சீப்பும் நின்றது.

அண்ணி கண்ணைத் திறந்தாள். பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன அங்க?"

"ஒரு மச்சம்."

"எவ்வளவு பெருசு?"

"மிளகை விடப் பெருசு."

"ஓரம்?"

"நெளிஞ்சிருக்கு."

"ஒரே நிறமா?"

"இல்ல. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம் மாதிரி." நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. "நான் கடைசியா உங்களுக்கு முடி வெட்டினப்போ இது இல்ல. எனக்கு ஒவ்வொரு தலையும் ஞாபகம் இருக்கும்."

எத்தனையோ பேருடைய தோலைப் பார்த்த அண்ணியால் தன் உச்சந்தலையைப் பார்க்க முடியவில்லை. எதிரே கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்தாள். நாத்தனார் சொன்ன நிறங்களை அவள் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். வேறு யாருடைய தலையில் இப்படி ஒரு மச்சம் என்றாலும், புற்றா என்று பார்க்க உடனே துணுக்கு எடுக்கச் சொல்லியிருப்பாள்.

வெளியே அண்ணனின் காலடி கேட்டது.

"அவர்கிட்ட இப்போ சொல்லாதே" என்றாள்.

"சொல்லல." நாத்தனார் கூந்தலை அள்ளி அந்த இடத்தை மெதுவாக மூடினாள். அவள் இடது கை அங்கேயே இருந்தது. "ஆனா நாளைக்குக் காலையில எனக்குக் குறிச்ச நேரம் காலியாத்தானே இருக்கு. அதுல நீங்க போறீங்க, அண்ணி. நான் கூட வர்றேன்."